மடக்குக் கூரை அமெரிக்கக் கார், 1950கள்

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். அன்று மலையேற நடை, குதிரை, டோலி மட்டுமே. கொடைக்கானலுக்குச் செல்லும் லாஸ் காட் சாலை வந்த பிறகே கார்கள் ஏறின.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களைப் பொருத்திக் கார்களாக்கி விற்றது. அதன்பின் அமெரிக்கக் கார்கள் இந்தியாவில் அரிதாயின.

இரும்புக் கூரை இல்லாததால் மடக்குக் கூரைக் கார்களின் அடிச்சட்டம் கூடுதல் வலுவோடு செய்யப்பட்டது. புதுப்பிப்பவர்கள் துருவை முதலில் தேட வேண்டிய இடமும் அதுதான்.

கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிகும், இழுவை குறையும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்க வேண்டும். இவற்றைச் சீர்செய்தால் பழைய கார் எளிதாக மலையேறும்.