விவாகரத்தும் வீட்டு உறுதியும்

1990இல் வெளியேற்றப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்தபின் முல்லைத்தீவுக்கு மீளக்குடியேறிய நம்மவர் பலருக்கு வீடொன்றே முதல். கணவன், மனைவி பிரியும்போது அதை விற்பதில் பிணக்கு வந்தால், உறுதி யார் பெயரில் உள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மஹர், கைக்கூலி, தாபரிப்பு என்பவற்றைக் காதி விசாரிப்பார். ஆனால் அச்சட்டம் கைக்கூலி என்பது பணத்தையும் அசையும் பொருட்களையுமே. வீட்டு உரிமைப் பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கே உரியது.

இருவர் பெயரிலும் உறுதி இருந்தால் ஒருவர் தன் பங்கை மட்டுமே விற்கலாம். இணக்கமின்றேல், 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் காணியைப் பிரிக்கவோ விற்கவோ கட்டளையிடும். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின், பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது.

பள்ளிவாசலில் பெரியவர்கள் முன் வாயால் பேசிய உடன்பாட்டால் காணி கைமாறாது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட உறுதி வேண்டும். அதனைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம்.

மனைவியின் சொத்து மனைவிக்கே என்கிறது மார்க்கம். இத்தா முடியுமுன் வீட்டை விற்று அவளை வெளியேற்றுவது வியாபாரமல்ல, அநீதி.