ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் நிஜம்

காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்கள், புதுவாயல் கூட்டுச்சாலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். நைட் ஷிப்ட் முடித்த உடம்புகள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலோருக்கு அது தூங்கி எழுந்தால் போய்விடுகிற அசதி.

சிலருக்குப் போவதில்லை. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று மாதக்கணக்கில் வலிக்கும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். "டென்ஷன் ஆகாதீங்க" என்று டாக்டர் சொல்வார். பெண்ணாக இருந்தால், வேலைக்குச் சோம்பல்படுகிறாள் என்று வீட்டில் பேச்சு வரும்.

தைராய்டு, முடக்குவாதம் போன்றவற்றைப் பார்த்துவிட்ட பிறகு, இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் வரலாம். 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11-லாவது வலிக்க வேண்டும். 2010-ல் அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வலியின் பரவலோடு தூக்கம், அசதி, மறதி பற்றியும் கேட்கத் தொடங்கினார்கள். இது கற்பனை வலி அல்ல. 2002-ல் நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி மூளையை ஸ்கேன் செய்தபோது, மற்றவர்களுக்குப் பலமாக அழுத்தினால் விழித்துக்கொள்ளும் பகுதிகள் இவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே விழித்துக்கொண்டன. ரேடியோவில் பாட்டு அதேதான். வால்யூம்தான் ஏறிக் கிடக்கிறது.

வால்யூமை ஏற்றுவது எது? மனசுக்கு விழும் பெரிய அடி என்றுதான் தோன்றும். ஆனால் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் வட்டாரத்துப் பெண்களிடம் தேடிப் பார்த்தபோது, இத்தகைய வலி கூடியிருக்கவில்லை. ஃபின்லாந்து மருத்துவமனை ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. வேலையிடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம் இந்த நோய் ஏறக்குறைய 4 மடங்கு. வேலைப்பளு மிகுந்தவர்களிடமும், தன் வேலையில் தானே முடிவெடுக்க இடமில்லாதவர்களிடமும் சுமார் 2 மடங்கு. நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு, பரம்பரை உட்பட. ஆனாலும் ஒரு நாள் இடியைவிடத் தினமும் சூப்பர்வைசர் முகத்தில் விழிப்பதுதான் உடம்பில் தங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

அடுத்தது தூக்கம். 1975-ல் கனடாவின் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி, ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தைச் சத்தம் எழுப்பிக் கெடுத்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசைவலி வந்தது. தகரக் கூரைக்கடியில் பகல் தூக்கம் தூங்குகிறவருக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

பிரிகாபலின், டுலாக்செட்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு உதவும். 2016-ல் ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு வலுவாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மெதுவாக ஆரம்பித்துத் தினமும் நடக்கச் சொல்கிறார்கள். 12 மணி நேர ஷிப்ட் முடிந்து, லாரிகள் உறுமிக்கொண்டு போகும் கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில், எந்தப் பக்கம் நடப்பது?