கடைசி யூனிட்டின் விலை

கத்திரி தொடங்கிவிட்டால், சென்னையின் நடுத்தரக் குடும்பத்தார் க்ஷேமலாபங்களை விசாரிப்பதற்கு முன்பாகவே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ஏ.சி. மாட்டிய பிறகு கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்பதுதான். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, கிடைத்த சராசரி விலையை ஏ.சி. இழுத்த யூனிட்டோடு பெருக்கிச் சொல்வதே இதற்கு வழக்கமான பதில். கணிதம் என்ற அளவில் அதில் தோஷமில்லை. ஆனால் நம் மாநிலத்துக் கட்டண முறைக்கு அது பொருந்துவதில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, முதல் 100 யூனிட்டை இலவசமாக விட்டு, அதன்பின் உபயோகம் ஏற ஏற விகிதத்தையும் ஏற்றிக்கொண்டு போவது இங்குள்ள ஏற்பாடு. 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட விகிதங்களையே உதாரணமாகக் கொள்வோம். பின்பு அவை சிறிது உயர்ந்தனவென்றாலும் விவகாரம் அதுவேதான். விளக்கு, விசிறி, பிரிட்ஜ், கிரைண்டர் ஆகியவற்றோடு 300 யூனிட்டில் காலம் தள்ளிய குடும்பம் கட்டியது 675 ரூபாய். அக்குடும்பமே படுக்கையறையில் ஒன்றரை டன் யந்திரம் ஒன்றை மாட்டி, மணிக்கு ஒரு யூனிட் வீதம் இரவுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால், அறுபது நாளில் 480 யூனிட் கூடி மொத்தம் 780 ஆகிறது. தொகையோ 4,370 ரூபாய். சராசரி பார்ப்பவர் யூனிட்டுக்கு 5 ரூபாய் 60 காசு என்பார். உண்மையில் கூடுதலாகக் கட்டிய 3,695 ரூபாயும் ஏ.சி.யின் நிமித்தமே ஆதலால், அதன் யூனிட் 7 ரூபாய் 70 காசு. குறைந்த விகிதங்களை விளக்கும் விசிறியும் முன்னமே அனுபவித்துவிட, கடைசியில் வந்த யந்திரத்தின் தலையில் உயர்ந்த விகிதங்கள் அத்தனையும் விழுகின்றன.

இதற்கிடையே 500 என்ற எல்லையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அதே 2022 விகிதப்படி, 500-க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதைத் தாண்டியவருக்கோ அந்த நூறும் 4 ரூபாய் 50 காசாகிவிடுகிறது. ஆகையால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயும், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாயும் வரும். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதித்து வந்தால் வீட்டுக்காரர் பதறுவதில் நியாயம் உண்டு.

யந்திரத்தின் செலவு முழுவதும் உஷ்ணத்தைத் தணிப்பதற்கே என்று எண்ணுகிறோம். கடலோரத்தில் அது முழு உண்மையன்று. வெளியே தொங்கும் குழாயின் அடியில் வாளி ஒன்றை வைத்துப் பார்த்தால், காற்றிலிருந்த ஈரம் சொட்டுச் சொட்டாக அதில் சேர்வதைக் காணலாம். ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் வேண்டும். பத்து லிட்டர் வாளி ஓரிரவில் நிறையுமானால் இரண்டு யூனிட் அதற்கே போயிற்று. கதவிடுக்கை அடைக்காமல், சமையலறை ஆவியை உள்ளே வரவிட்டுக்கொண்டு, ஐந்து நட்சத்திர யந்திரத்தைத் தேடி அலைபவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு விநோதம், பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பின் கணக்கு; 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள ஏ.சி.கள் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டுமென்று விதித்ததும் அந்த எண்ணத்தில்தான். நம் குடும்பம் 22-லிருந்து 26-க்கு ஏற்றி, கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டால், இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டாவது குறையும். அந்த நூறும் ஒன்பது ரூபாய் விகிதத்திலுள்ளவை ஆதலால் 900 ரூபாய் மிச்சம். பழைய விசிறி தின்னும் 36 யூனிட்டுக்கு 324 ரூபாய் கழித்தாலும் 576 கையில் நிற்கும். புதுரக பி.எல்.டி.சி. விசிறியாயின் அந்தக் கழிவும் பாதிக்குக் குறைவே.