சர்ப்பகந்தியும் பூனைக்காலியும்: மூளை மருந்தியலில் இரு மூலிகைகள்

மூளை நோய்களுக்கு மருந்து காணும் முயற்சி, நரம்பு மருந்தியல் என்னும் தனித்துறையாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாகும். அத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பலர் மேலைநாட்டு ஆய்வுகூடங்களையே முதன்மைப்படுத்துவர். நம்மவருட் சிலரோ, யாவும் நம் முன்னோர் அறிந்தவையே எனக் கூறி அமைவர். இவ்விரு கூற்றுக்களும் குறையுடையன என்பதை, நம் நாடுகளுக்கு உரிய இரு மூலிகைகளின் வரலாறு புலப்படுத்தும்.

முதலாவது சர்ப்பகந்தி. இதன் வேர் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் இந்திய மருத்துவர்களால் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது. 1931ஆம் ஆண்டில் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்தீக்கி இவ்வேரிலிருந்து அல்கலோயிட்டுகள் எனப்படும் சேர்வைகள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டிற் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் மனநோயையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தமது நோயாளரிடம் கண்ட பயனை 1949இல் பிரித்தானிய இதழொன்றில் வெளியிட்ட பின்னரே மேலைநாட்டார் கவனம் இதன்பாற் சென்றது. 1952இல் சுவிற்சலாந்தின் சீபா நிறுவனத்தார் ரெசர்ப்பின் என்னும் சேர்வையை இதிலிருந்து பிரித்தனர்.

இரண்டாவது பூனைக்காலி. காயின் சுணை உடலிற் பட்டால் தாங்கொணா அரிப்பை உண்டாக்கும் இக்கொடியின் விதை, உடலுரம் தருவதெனச் சித்த மருத்துவத்திற் பயன்பட்டு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் இவ்விதையை ஆராய்ந்து, எல்-டோபா என்னும் அமினோ அமிலம் அதில் உளதென 1937இல் நிறுவினர். அச்சேர்வை மூளைக்கு என் செய்யும் என்பதை அந்நாளில் உலகில் எவரும் அறிந்திலர்.

இவ்விரு மூலிகைகளின் சேர்வைகளும் ஒன்றையொன்று எதிர்கொண்டது சுவீடனின் லுண்ட் நகரிலாகும். நரம்பு முனைகள் தம் செய்திகளைக் கடத்தும் இரசாயனப் பொருள்களைச் சிறு பைகளிற் சேமித்து வைத்திருக்கின்றன. களஞ்சியத்தில் நெல் சேராதவாறு அடைத்துவிடுவது போல, ரெசர்ப்பின் அப்பொருள்களைப் பைகளிற் சேரவிடாது தடுக்கிறது. வெளியே நிற்பவை சிதைந்தொழிகின்றன. ரெசர்ப்பின் கொடுக்கப்பட்ட விலங்குகள் அசைவற்றுக் கிடந்தன. 1957இல் ஆர்விட் கார்ல்சனும் அவர்தம் துணைவரும் அவற்றுக்கு டோபாவைச் செலுத்தியபோது, அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. டோபா மூளையினுள் டோபமைன் ஆக மாறுவதும், டோபமைன் அசைவுக்கு இன்றியமையாதது என்பதும் இவ்வழியில் தெளிவாயின. இப்பணிக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

அசைவற்றுக் கிடந்த அவ்விலங்குகளின் நிலை, 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்க நோயை நினைவூட்டியது. கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவின் தாமதம், உணர்ச்சி காட்டாத முகம் என்பன அந்நோயின் குறிகள். இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருந்ததை வியன்னாவில் ஓர்ன்கீவிச்சும் ஏரிங்கரும் 1960இற் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே டோபா நோயாளருக்கு ஊசிவழி ஏற்றப்பட்டது. சிற்றளவிலிருந்து படிப்படியாக உயர்த்தி வாய்வழி கொடுக்கும் முறையை அமெரிக்காவில் கொட்சியஸ் 1967இல் வகுத்தார். டோபமைனையே கொடுத்தாலென்ன என்று கேட்கலாம்: அது குருதியிலிருந்து மூளைக்குட் புகாது, டோபா புகும். மூளைக்கு வெளியே டோபா மாறிவிடாது காக்கும் கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய வழக்கு. நோயை இது வேரறுப்பதில்லை. ஆயினும், தானே உடுத்தவும் உண்ணவும் நடக்கவும் இயலாதவருக்கு அவ்வாற்றலைப் பல ஆண்டுகளுக்கு மீட்டுத் தருகிறது.

சென்னையிற் கண்ட பொருளின் பயன் ஏன் வேற்று நாடுகளில் வெளிப்பட்டது? இனத்தின் அறிவாற்றலை இதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது. சுவிற்சலாந்தில் குகன்ஹைம் என்பார் எல்-டோபாவை ஒருவகை அவரையிலிருந்து 1913லேயே பிரித்திருந்தார். அங்கும் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயனறியப்படாது கிடந்தது. இரசாயன ஆய்வுகூடமும், விலங்குப் பரிசோதனையும், மருத்துவமனைக் கட்டிலும் ஒன்றோடொன்று தொடர்புற்ற போதே பொருள் மருந்தாயிற்று. அறிவு தனியொருவரின் உடைமையன்று. சமூகம் அமைத்துக் கொடுக்கும் தொடர்புகளின் விளைவு.

எனின், பூனைக்காலித் தூளையே நேரடியாக உண்ணலாமோ? இவ்வினா இன்றும் உயிர்ப்புடையது. இலண்டனில் எண்மரிடம் நடத்திய ஆய்வொன்று, விதைத்தூள் வழமையான மருந்தினும் விரைவிற் பயன் தருவதாக 2004இற் காட்டியது. பொலிவியாவில் 2017இல் வெளியான ஆய்வும், மருந்து வாங்க இயலாதவருக்கு இது உதவக்கூடும் என நம்பிக்கையூட்டியது. ஆயின் நாள்தோறும் பல வாரங்கள் உண்டோரைத் தொடர்ந்த பின்னைய ஆய்வில், பாதிப்பேர் வயிற்றுக் கோளாறு முதலியவற்றால் இடையில் நிறுத்திவிட்டனர். விதைக்கு விதை டோபாவின் அளவும் வேறுபடும். குளிசையை உண்பவர் மருத்துவருக்குத் தெரியாது தூளையும் சேர்த்தால், அளவு மிகுந்து கட்டுக்கடங்கா அசைவுகளும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். ரெசர்ப்பினும் அவ்வாறே: மனச்சோர்வையும் நடுக்கத்தையும் உண்டாக்கியமையால் அதன் பயன்பாடு பெரிதும் சுருங்கிற்று. மூலிகை என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

நமது ஊர்களில் முதியவரின் நடுக்கத்தை வயதின் இயல்பெனக் கருதி வாளாவிருப்போர் இன்னும் உளர். சுன்னாகத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயிலேதான் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும், கைதடியிற் சித்த மருத்துவக் கல்வியும் இன்று இத்தீபகற்பத்தில் அருகருகே உள்ளன. ஏட்டறிவை அளவையால் சோதிப்பதும், சோதித்தறிந்ததைத் தமிழில் மக்களுக்கு உரைப்பதும் இவ்விரு துறையினரும் கூடிச் செய்யத்தக்க பணிகளாம். சர்ப்பகந்தியும் பூனைக்காலியும் அந்நிய நாட்டு ஆய்வுகூடத்தில் சந்தித்தமை போல, இவ்விரு மரபுகளும் நம் மண்ணிற் சந்தித்தல் வேண்டும்.