ஈராக்கில் இருந்து அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டுமா? இருபது ஆண்டுகளைக் கடந்தும் தீராத விவாதம்

புதுதில்லி: அமெரிக்கப் படைகள் 2003 மார்ச் மாதம் ஈராக்கினுள் நுழைந்தன, 2011 டிசம்பரில் வெளியேறின. இரண்டரை ஆண்டுகளில், அந்நாட்டு அரசு விடுத்த வேண்டுகோளின்பேரில் மீண்டும் வந்தன. 2020-ஆம் ஆண்டில் அதே நாட்டின் நாடாளுமன்றம் அந்நியப் படைகளை வெளியேற்றக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்நியப் படை ஒன்று எப்போது, யாருடைய முடிவின்படி வெளியேற வேண்டும் என்ற கேள்விக்கு ஈராக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்கால வரலாற்றில் அரிது.

ஆக்கிரமிப்பு என்பது எது?

பகைநாட்டுப் படையின் அதிகாரத்தின் கீழ் ஒரு நிலப்பகுதி நடைமுறையில் வந்துவிட்டால், அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்று 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகள் வரையறுக்கின்றன. அத்தகைய படை, பொது ஒழுங்கைக் காக்க வேண்டும். தவிர்க்க இயலாத நிலையிலன்றி அந்நாட்டின் சட்டங்களை மாற்றக்கூடாது. பொதுமக்களின் பாதுகாப்பை 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை வலியுறுத்துகிறது.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1483-ஆவது தீர்மானம், அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு சக்திகள் என்றே குறிப்பிட்டது. 2004 ஜூன் 28 அன்று இடைக்கால அரசிடம் இறையாண்மை ஒப்படைக்கப்பட்டதும் ஆக்கிரமிப்பு சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதன்பின், 1546-ஆவது தீர்மானத்தின்படி, ஈராக் அரசின் கோரிக்கைக்கு இணங்கியே படைகள் தங்கியிருப்பதாகக் கூறப்பட்டது.

எனினும் லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நிய வீரர்கள் சாலைகளில் வலம்வந்த நிலையில், இந்தச் சட்ட வேறுபாட்டை ஈராக் மக்களில் பலரும் ஏற்கவில்லை. தாக்குதலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கிடைக்காததும், 2004-இல் வெளியான அபு கிரைப் சிறைக் கொடுமைகளின் படங்களும் வெளியேற்றக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தன.

முதல் மாதங்களில் நேர்ந்த பிழை

ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா நியமித்த பால் பிரேமர், 2003 மே மாதத்தில் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். முதலாவது, சதாம் உசேனின் பாத் கட்சியினரை அரசுப் பணிகளில் இருந்து நீக்கியது. இரண்டாவது, ஈராக் ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற பல லட்சம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் கிளர்ச்சிக் குழுக்களில் இணைந்தனர்.

இருதரப்பினரும் இன்றுவரை இதனைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அந்நியப் படையின் இருப்பே வன்முறையை வளர்த்தது என்கின்றனர் ஒரு தரப்பினர். ஒரு நாட்டின் பாதுகாப்புக் கட்டமைப்பைக் கலைத்த படைக்கு, அதனை மீட்டெடுக்கும் பொறுப்பும் உண்டு என்கின்றனர் மறுதரப்பினர்.

2006 பிப்ரவரியில் சமாரா நகரின் அல்-அஸ்கரி தலம் தகர்க்கப்பட்டபின் ஷியா, சன்னி பிரிவினரிடையே மோதல் கொழுந்துவிட்டு எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பேக்கர்-ஹாமில்டன் குழு, 2008 தொடக்கத்துக்குள் போர்ப் படைப்பிரிவுகளை விலக்கிக்கொள்ளும் வகையில் திட்டமிடப் பரிந்துரைத்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் அதற்கு மாறாக, 2007-இல் 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களைக் கூடுதலாக அனுப்பினார். சன்னி பழங்குடித் தலைவர்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியதும் சேர்ந்து, வன்முறை கணிசமாகக் குறைந்தது.

2011-இல் படைகள் வெளியேறியது ஏன்?

2008 நவம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரண்டு கெடுக்களை விதித்தது. 2009 ஜூன் 30-க்குள் நகரங்களில் இருந்தும், 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டில் இருந்தும் அமெரிக்கப் படைகள் விலக வேண்டும் என்பதே அது. ஒப்பந்தம் செய்தவர் புஷ்; நிறைவேற்றியவர் ஒபாமா.

சில ஆயிரம் வீரர்களைத் தொடர்ந்து நிறுத்திவைப்பது குறித்து 2011-இல் பேச்சுவார்த்தை நடைபெற்றது. அமெரிக்க வீரர்கள் மீது ஈராக் நீதிமன்றங்களில் வழக்குத் தொடர முடியாதவாறு விலக்கு வேண்டும், அதற்கு ஈராக் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்று அமெரிக்கா வலியுறுத்தியது. 2007 செப்டம்பரில் பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தினர் சுட்டதில் ஈராக்கியப் பொதுமக்கள் 17 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்வு மறையாத நிலையில், விலக்கு அளிக்கப் பெரும்பாலான கட்சிகள் முன்வரவில்லை. 2011 டிசம்பர் 18 அன்று கடைசி வாகன அணி குவைத்துக்குள் சென்றது.

ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்கள் இந்தப் போரில் உயிரிழந்தனர். ஈராக்கியப் பொதுமக்களின் உயிரிழப்பு, ஆவணப்படுத்தப்பட்டது மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டியது.

மோசூல் வீழ்ச்சி உணர்த்துவது என்ன?

2014 ஜூன் 10 அன்று, ஈராக்கின் இரண்டாவது பெரிய நகரமான மோசூல், ஐ.எஸ். அமைப்பிடம் வீழ்ந்தது. எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய அரசுப் படை, ஆயுதங்களை விட்டுவிட்டுச் சிதறியது. அவசரப்பட்டு வெளியேறியதன் விளைவே இது என்று விமர்சகர்கள் கூறினர்.

ஆனால் படைபலம் மட்டுமே பிரச்னையாக இருக்கவில்லை. ஈராக் படைகளை உருவாக்க அமெரிக்கா 2,000 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டிருந்தது. அப்படையில் 50 ஆயிரம் பேர் பெயரளவில் மட்டுமே ஊதியப் பட்டியலில் இருந்ததாகப் பிரதமர் ஹைதர் அல்-அபாதி 2014-இல் அறிவித்தார். அவருக்கு முன் பிரதமராக இருந்த நூரி அல்-மாலிகியின் ஆட்சியில், சன்னி பிரிவினர் ஓரங்கட்டப்பட்டதும் ஐ.எஸ். அமைப்புக்கு இடமளித்தது. இக்குறைகளில் பல, அமெரிக்கப் படைகள் அங்கிருந்த காலத்திலேயே வேரூன்றியவை.

ஈராக்கின் வேண்டுகோளை ஏற்று, 2014 ஆகஸ்டில் அமெரிக்கா வான்வழித் தாக்குதலைத் தொடங்கியது. 2017 ஜூலையில் மோசூல் மீட்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.எஸ். வீழ்த்தப்பட்டதாக அபாதி அறிவித்தார்.

2020 தீர்மானமும் பிளவுபட்ட அவையும்

2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையம் அருகே அமெரிக்கா நடத்திய ஆளில்லா விமானத் தாக்குதலில் ஈரான் தளபதி காசிம் சுலைமானியும், ஈராக் துணைப்படைத் தலைவர் அபு மஹ்தி அல்-முஹந்திசும் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில், அந்நியப் படைகளை வெளியேற்றக் கோரும் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். சன்னி, குர்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் கூட்டத்தைப் புறக்கணித்தனர்.

அந்நியப் படை நீடிக்கும்வரை, அயல்நாடுகளின் பகைக்கு ஈராக் களமாகிவிடும் என்பது வெளியேற்றத்தை ஆதரிப்போரின் வாதம். ஈரான் ஜனவரி 8 அன்று ஐன் அல்-அசாத் தளத்தின் மீது ஏவுகணைகளை வீசியதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அமெரிக்கா விலகினால் ஈரான் ஆதரவுத் துணைப்படைகளின் பிடி இறுகும் என்று குர்து, சன்னி தலைவர்கள் பலர் அஞ்சுகின்றனர். ஈராக்கின் எண்ணெய் வருவாய் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் பாக்தாத்தின் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் ஒரு காரணியாகும்.

இந்தியாவின் நிலைப்பாடு

2003 ஏப்ரலில் இந்திய நாடாளுமன்றம் ஈராக் மீதான போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. படைகளை அனுப்புமாறு அமெரிக்கா விடுத்த கோரிக்கையை, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாததைக் காரணம் காட்டி, வாஜ்பாய் அரசு அதே ஆண்டு ஜூலையில் ஏற்க மறுத்தது.

ஆயினும் ஈராக்கின் நிலையின்மை இந்தியர்களையும் விட்டுவைக்கவில்லை. 2014 ஜூலையில், திக்ரித்தில் சிக்கிய 46 செவிலியர்கள் பத்திரமாகத் தாயகம் திரும்பினர். அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை, 2018 மார்ச் மாதம் அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தினார். இந்தியாவுக்குக் கச்சா எண்ணெய் வழங்கும் முக்கிய நாடுகளுள் ஒன்றாகவும் ஈராக் விளங்குகிறது.

இரு கட்டத் திட்டம்

2024 செப்டம்பரில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை, ஐ.எஸ். எதிர்ப்புக் கூட்டணியின் பணியை ஈராக்கில் 2025 செப்டம்பர் இறுதிக்குள் முடிப்பதென அறிவித்தது. சிரியாவில் மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகளுக்கான ஆதரவு, 2026 செப்டம்பர் வரை ஈராக் மண்ணில் இருந்து தொடரும் என்றும் அது கூறியது. அதன்பின் இருதரப்புப் பாதுகாப்பு உறவாக இது மாற வேண்டும் என்பதே திட்டம்.

2011-இலும் வெளியேற்றத்துக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. அது தவறாமல் கடைப்பிடிக்கவும் பட்டது. ஆனால் அனைத்துப் பிரிவினரும் நம்பும் ராணுவமோ, அவர்களை அரவணைக்கும் ஆட்சியோ அப்போது உருவாகியிருக்கவில்லை. துணைப்படைகளை அரசின் கட்டளைக்குள் கொண்டுவருவதும், சன்னி, குர்து மக்களின் அச்சத்தைப் போக்குவதும் பாக்தாத் அரசின் முன்னுள்ள பணிகள். இம்முறை வெளியேறும் படைகளை மீண்டும் அழைக்க வேண்டிய நிலை வருமா என்பது அவற்றைப் பொறுத்தே அமையும்.