பெரியவங்க சொல் அம்பலம் ஏற: முதியோர் சங்கம் பற்றி



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். வயசான ஏழையின் சொல் லயத்து வாசலையே தாண்டுவதில்லை. வேலையில் இருக்கும்வரை பெரட்டில் நாலு வார்த்தை பேசலாம், தொழிற்சங்கத் தலைவரிடம் முறையிடலாம். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? அதற்காக ஏற்பட்டதுதான் முதியோர் சங்கம். அதைப் புரிந்துகொள்ள மட்டக்களப்பு வாவிப் பக்கம் ஒரு தடவை போய்வருவோம். 1977லும் 1983லும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய் அந்த மாவட்டத்தில் குடியேறிய நம்ம சனங்களும் உண்டு. ஆகவே அது அந்நிய ஊர் இல்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கத்தை எழுவான்கரை என்பார்கள், சூரியன் படுகிற மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்பார்கள். வயலும் மாடும் படுவான்கரையில். போதனா வைத்தியசாலையும் கச்சேரியும் நகரத்துப் பக்கம். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் அந்த இடத்தில் 'பாதை'யில்தான் வாவியைக் கடந்தார்கள். (பாதை என்றால் அங்கே ரோடு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் மிதவை.) பாலம் வந்தாலும், கார்த்திகை மார்கழி மழையில் வெள்ளம் ஏறினால் உள்ளூர் ரோடுகள் அடைபட்டுப் போகும். முழங்கால் வலியோடு எழுபது வயசு அம்மா ஒருவர் கிளினிக் போவது என்றால் ஒரு நாள் பாடு.

இந்தக் கஷ்டத்தை அந்த அம்மா தனியாகச் சொன்னால் "பார்ப்போம்" என்ற பதில்தான் வரும். "எங்கள் பிரிவில் அறுபது தாண்டியவர்கள் இத்தனை பேர், கிளினிக் நாளில் காலை பஸ் இல்லை, மாதம் ஒரு தடவையாவது நடமாடும் கிளினிக் இங்கே வரட்டும்" என்று சங்கம் எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். சங்கத்தின் பலம் இவ்வளவுதான், ஆனால் இது சின்னப் பலம் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது நிறைந்தவரை முதியவர் என்கிறது. முதியோருக்கான தேசிய சபை அதன்படி அமைந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் சபையில் மனுக் கொடுக்கவும் அதில் இடமுண்டு. சங்கங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் தொடங்கி, பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம் என்று படிப்படியாக மேலே போகும். மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 14. படுவான்கரை மூலையில் சொன்ன ஒரு சொல் மாவட்டக் கூட்டத்துக்குப் போக இப்படி ஒரு வழி இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்னரே, 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற தொண்டு நிறுவனங்கள் முதியோருக்காக வேலை செய்துவந்தன.

நாம் பார்த்தவரையில், பல சங்கங்கள் ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினத்துக்கு மாலை போட்டு, வருஷத்துக்கு ஒரு கோயில் யாத்திரை போய்வந்து, அதோடு சரி. யாத்திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு அதுவும் ஒரு சந்தோஷம். ஆனால் கூட்டத்தில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி வரிசை பற்றியோ முதியோர் கொடுப்பனவு பற்றியோ பேசாவிட்டால் அந்தச் சங்கம் எதற்கு? இன்னொன்று, தலைவர் செயலாளர் பதவியெல்லாம் பழைய கங்காணிமாருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்மாருக்கும் போய்விடுகிறது. கொழுந்தெடுத்தே முதுகு வளைந்த பாட்டி பின்வரிசையில் பேசாமல் இருக்கிறார். நம்ம தோட்டங்களில் ஓய்வுபெற்றவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவராவது நிர்வாகத்தில் இருக்க வேண்டும். நடக்க முடியாமல் லயத்திலேயே படுத்திருப்பவரிடம் கூட்டத்துக்கு முதல் நாள் ஒருவர் போய்க் கேட்டு வர வேண்டும்.

தோட்டத்தில் இது கூடுதல் அவசியம். முன்னே பிரதேச சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2018இல் செய்த திருத்தத்தோடுதான் அந்த வழி திறந்தது. லயத்துக்குப் போகும் படிக்கட்டுக்குக் கைபிடிக் கம்பி, இருட்டு வளைவில் ஒரு லைட் எல்லாம் இப்போது சபையிடம் கேட்கலாம். கேட்கிற ஆள்தான் வேண்டும்.

பத்திரங்களும் ஒரு பெரிய தொல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அடையாள அட்டையில் 'மாரியாயி', சேமலாப நிதிப் புத்தகத்தில் 'மாரியம்மா' என்றிருந்தால் பணம் நின்றுவிடும். சங்கம் இப்படிப்பட்ட பேர்களை எல்லாம் ஒரே பட்டியலாக எடுத்துப் பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம். ஆளாளுக்குப் பஸ் ஏறி அலையத் தேவையில்லை.

சங்கம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கிராம உத்தியோகத்தரைப் பாருங்க. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தர் பதிவுக்கு வழி சொல்வார். 60 தாண்டியவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையையும் அவரிடமே கேளுங்க. கடிதம் எதுவானாலும் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பொறுப்பேற்ற திகதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்க. பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி "எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்க. நலன்புரிக் கந்தோருக்கு வந்தால் நாமும் எழுதித் தருவோம்.