பச்சைக்கல் பழையதா?



பட்டணத்துக்குப் போய்வரும்போது பார்த்திருப்பீர்கள். வயதான சீன மாதர்களின் கையில் இளம்பச்சை நிறக் கல் வளையல் ஒன்று கிடக்கும். அதுதான் ஜேட். நாம் பச்சைக்கல் என்கிறோம்; மரகதம் வேறு, இது வேறு. தங்கத்தைவிட இதை உயர்வாக மதித்தவர்கள் சீனர்கள்.

இந்தக் கல்லில் செய்த மீன் உருவம் ஒன்றை யாரோ லயத்து வாசலுக்குக் கொண்டுவந்து, “ஈராயிரம் ஆண்டுப் பழையது, அவசரத்துக்கு விற்கிறேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா?

இதில் கேள்விகள் இரண்டு. கல் ஜேட்தானா என்பது ஒன்று. வேலைப்பாடு பழையதா என்பது மற்றொன்று. விற்பவர் முதல் கேள்விக்கு விடை காட்டிவிட்டு, இரண்டுக்கும் காட்டியதுபோல் நடந்துகொள்வார். ஏமாறும் இடம் அதுதான். மலையில் கிடக்கும் எந்தக் கல்லும் பல லட்சம் ஆண்டுப் பழையதே. நாம் கேட்பது மனிதக் கை அதில் பட்ட காலத்தை.

முதல் கேள்வி எளியது. ஜேட் என்ற பெயரில் நெப்ரைட், ஜேடைட் என இரண்டு கற்கள் உண்டு. பிரெஞ்சு வேதியியலறிஞர் டமூர் 1863-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். சாதாரணக் கத்திமுனை இரண்டிலும் கீறாது. ஜேட் என்று விற்கப்படும் செர்பென்டைன் போன்ற மெதுவான கல்லில் கீறிவிடும். தண்ணீரில் நிறுத்தும் பார்க்கலாம்: நெப்ரைட் தன் அளவுள்ள தண்ணீரைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு எடை, ஜேடைட் 3.3 மடங்கு, செர்பென்டைன் 2.6 மடங்கு.

இங்கே ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது. பளிச்சென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஹான் அரசர் காலத்தது என்று சொல்லி ஜேடைட் உருவத்தைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது கேள்விதான் கடினம். ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. அக்காலத்தில் கடினமான மணலும் தண்ணீரும் இட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொடுத்தார்கள். பால்வெட்டும் கத்தியைத் தீட்டும் கல்லில் நாளடைவில் பள்ளம் விழுகிறதல்லவா, அதே வேலைதான். துளையையும் பெரும்பாலும் இரு பக்கத்திலிருந்தும் குடைவார்கள். நடுவில் சந்திக்கும் இடத்தில் சிறு விளிம்பு நிற்கும். 1968-இல் ஹெபெய் மாநிலத்து மான்செங்கில் இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையைத் திறந்தபோது, 2,498 ஜேட் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்த உடை கிடைத்தது. துண்டுக்குத் துண்டு மூலைகளில் துளை! எத்தனை கைகள், எத்தனை காலம் உழைத்திருக்கும்!

இன்றைய மின்சார வைரச் சக்கரத்தின் தடம் வேறு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் கோடுகளைச் சிலிக்கோனில் அச்செடுத்து, மின்னணு நுண்நோக்கியில் பார்த்துக் கருவியை அடையாளம் காண்கிறார்கள். வெறும் கண்ணுக்கு அது எட்டாது.

நிறத்தை நம்பவே வேண்டாம். மண்ணில் கிடந்த ஜேட் வெளுக்கும், பழுப்பேறும் என்பது உண்மை. ஆனால் தீயில் வாட்டியும் சாயமேற்றியும் அதே நிறத்தை வரவழைப்பார்கள். பழையதைப்போல் செய்யும் பழக்கம் சோங் அரசர் காலத்திலேயே, அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையிலேயே இருந்தது. அந்தப் போலிகளே இன்று பழம்பொருள்களாகிவிட்டன!

விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: எங்கே, எப்போது, யார் தோண்டி எடுத்தது? எழுத்தில் இருக்கிறதா? ஆய்வாளர் தோண்டிப் பதிவு செய்த பொருளே மற்றவற்றுக்கு அளவுகோல். ஹாங்சோவை அடுத்த ஃபான்ஷானில் 1986-இல் தோண்டியபோது, வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமாக 6.5 கிலோ எடையுள்ள ஜேட் குழல் ஒன்று வெளிப்பட்டது. சீனர் இதைச் சோங் என்கிறார்கள். லியாங்ஜூ மக்கள் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுக்கு முன் செய்தது.

அத்தகைய குழல்கள் 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துச் சியான்லோங் பேரரசரிடமும் இருந்தன. நாட்டின் சிறந்த ஜேட் எல்லாம் அவர் அரண்மனையில்தான். ஆனாலும் அவற்றின் காலத்தை அவர் அறியவில்லை. மிகப் பிற்காலத்தவை என்றே எண்ணினார். தம் கவிதையை அவற்றில் பொறிக்கச் செய்தார். தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள குழல் ஒன்றில் அந்தக் கவிதை தலைகீழாக நிற்கிறது.